மந்தையை எண்ணும் மேய்ப்பர்: உளநலப் பணியில் முன்னேற்றத்தை அளந்தறிதல்

உளத்துயருற்ற ஒருவர் உதவி நாடி வருகிறார். உளமருத்துவரோ, ஆற்றுப்படுத்துநரோ, ஆயரோ பல வாரங்கள் அவருடன் அமர்ந்து உரையாடுகிறார். இவ்வுரையாடலால் வந்தவர் நலம் பெறுகிறாரா, முன்பிருந்த நிலையிலேயே நிற்கிறாரா, அல்லது நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டு போகிறாரா? இதனை அறிகிறவர் யார்? எவ்வாறு அறிகிறார்? எளிதாகத் தோன்றும் இவ்வினா கடந்த முப்பது ஆண்டுகளாக உளநலத் துறையில் பேராராய்ச்சிக்கு உரியதாகியுள்ளது. அவ்வாராய்ச்சியின் ஒரு கிளை, நோயுற்றோரை விட்டுப் பணியாளரின் பக்கமே திரும்பிற்று. நாடி வருவோரின் முன்னேற்றத்தை ஒழுங்காக அளந்து குறித்து வருவதைப் பற்றிப் பணியாளர்கள் என்ன எண்ணுகின்றனர்? அவர்களுடைய மனப்பாங்கையே அளக்கக் கூடுமா? அளந்தவர்கள் கண்டது யாது? இவற்றை விளக்கி, மேய்ப்புப்பணியில் இருக்கும் நமக்கு அவை உணர்த்துவதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அளந்தறிதல் என்பது யாது?

மேற்கு மாம்பலத்தில் ஆரிய கவுடா சாலையையும் லேக் வியூ சாலையையும் அடுத்துள்ள தெருக்களில் ஓர் ஆயர் இல்லச் சந்திப்புக்குச் செல்கிறார் என்று கொள்வோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கணவரை இழந்த அம்மையார் ஒருவர் சிறு அடுக்கு வீட்டில் தனித்து வாழ்கிறார். மேசையின்மேல் மருந்துப் பெட்டிக்கு அருகே ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதில் சர்க்கரையின் அளவும் இரத்த அழுத்தமும் நாள்தோறும் குறிக்கப்பட்டுள்ளன. மருத்துவர் அவ்வேட்டைப் பார்த்தே மருந்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லும் மருத்துவரை அந்த அம்மையார் நம்பமாட்டார். ஆனால் கணவர் மறைந்தபின் அவரை அழுத்தும் மனச்சோர்வுக்கு அப்படி ஓர் ஏடு இல்லை. "எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று ஆயர் கேட்கிறார். "இருக்கிறேன், ஐயா, கர்த்தர் நடத்துகிறார்" என்று விடை வருகிறது. வேதம் வாசித்து, மன்றாடி, ஆயர் விடைபெறுகிறார். சென்ற மாதத்தைவிட இம்மாதம் அவர் நன்றாயிருக்கிறாரா என்பதை இருவரில் ஒருவரும் சொல்ல இயலாது.

ஒழுங்காக அளந்தறிதல் என்பது இக்குறையை நீக்க எழுந்த ஒரு முறை. உதவி நாடி வருபவர் ஒவ்வொரு சந்திப்பிற்கும் முன்போ, குறித்த இடைவெளிகளிலோ ஒரு சிறு வினாப்படிவத்திற்கு விடையளிக்கிறார். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் வழங்கும் ஒரு படிவத்தில் ஒன்பதே வினாக்கள் உண்டு. சென்ற இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, களைப்பு, செயல்களில் ஆர்வம், தன்னைப் பற்றிய எண்ணம், சாவைப் பற்றிய நினைவு முதலியன எவ்வாறு இருந்தன என்று அவை கேட்கும். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பு. ஆகவே மொத்தம் 0 முதல் 27 வரை அமையும். அமெரிக்க உளவியலார் மைக்கேல் லாம்பர்ட்டும் அவருடைய துணைவரும் உருவாக்கிய மற்றொரு படிவம் 45 வினாக்களைக் கொண்டது. இவ்வெண்களை வாரந்தோறும் ஒரு கோடாக வரைந்து, இத்தகைய நிலையில் தொடங்கியவர்கள் வழக்கமாக எவ்வாறு தேறுகின்றனர் என்பதோடு ஒப்பிட்டு, வழி விலகிச் செல்வோரைப் பணியாளருக்கு முன்கூட்டியே சுட்டிக்காட்டுவதே இம்முறையின் சாரம்.

இங்கு இரண்டு செயல்கள் அடங்கியிருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒன்று அளத்தல், மற்றொன்று, அளந்ததைப் பணியாளருக்கும் நாடி வந்தவருக்கும் திரும்ப அறிவித்து, அதன்படி பணியை மாற்றியமைத்தல். இரண்டாவது இல்லாத முதலாவது வெறும் கோப்பாகிவிடும்.

2. தேர்ந்த கண்ணின் எல்லை

பல்லாண்டு அனுபவமுள்ள பணியாளருக்கு இத்தகைய படிவம் எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. "எதிரே அமர்ந்திருப்பவரின் குரலும் கண்களும் எனக்குச் சொல்லாததையா ஒரு தாள் சொல்லப்போகிறது?" என்று அவர் கேட்கக்கூடும். இதனைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு.

லாம்பர்ட்டின் குழுவினர் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 550 பேருக்கு உளச்சிகிச்சை அளித்து வந்தவர்களிடம், இவர்களுள் யார் யார் சிகிச்சையின் முடிவில் முன்பைவிடத் தாழ்ந்த நிலையில் இருப்பார்கள் என்று முன்னுரைக்கும்படி கேட்கப்பட்டது. நூறு பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் அவ்வாறு தாழ்வது வழக்கம் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் சுட்டிக்காட்டியது மூவரை மட்டுமே. உண்மையில் தாழ்ந்துபோனவர்கள் 40 பேர். சுட்டிய மூவருள் ஒருவரே அந்த நாற்பதின்மருள் இருந்தார். மற்ற முப்பத்தொன்பது பேரும், தம்மைக் கண்டு வந்த பணியாளரின் கண்முன்னேயே, அவர் அறியாமல் தாழ்ந்துகொண்டிருந்தனர்.

இதற்குத் துணைபோகும் மற்றோர் ஆய்வு 2012 இல் வந்தது. உளநலப் பணியாளர் 129 பேரிடம், தம் துறையில் உள்ள நூறு பேரை வரிசைப்படுத்தினால் தம் திறமை எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்டனர். நால்வரில் ஒருவர் தம்மை முதல் பத்துப் பேருள் வைத்தார். சராசரிக்குக் கீழே தம்மை வைத்தவர் ஒருவருமில்லை. எல்லாரும் சராசரிக்கு மேல் இருப்பது கணக்கில் இயலாத செயல். இதனைச் செருக்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தன் பணியின் பயனை உள்ளவாறு அறிய வழியில்லாத எவருக்கும் நேரும் மயக்கமே இது.

வேறொரு மயக்கமும் உண்டு. பட்ரீசியா கோகென், ஜேக்கப் கோகென் என்னும் ஆய்வாளர் இருவர் 1984 இல் அதனை விளக்கினர். நலமடைந்தவர் மருத்துவமனைக்குத் திரும்பி வருவதில்லை. நீங்காத நோயுடையவரே மீண்டும் மீண்டும் வருகின்றனர். ஆகவே மருத்துவர் நோயை உள்ளதைவிடக் கொடியதாகக் கருதிவிடுகிறார். ஆயரின் நிலை இதற்கு நேர்மாறானது என்று நாம் கருதுகிறோம். அவர் ஞாயிறுதோறும் காண்பது எழுந்து, குளித்து, நல்லாடை உடுத்து ஆலயத்திற்கு வர வலிமையுள்ளவர்களையே. ஆற்றுப்படுத்தலுக்கு இருமுறை வந்து பின் வராமற்போனவரைத் தேறிவிட்டார் என்று எண்ணிக்கொள்வது எளிது. வராதவரின் மௌனத்தை நாம் நற்செய்தியாக வாசித்துவிடுகிறோம்.

3. மனப்பாங்கை அளக்கும் முறை

அளந்தறிதலால் பயனுண்டு என்று தெரிந்தபின்னும் பெரும்பாலான பணியாளர் அதனை மேற்கொள்ளவில்லை. ஏன் என்பதை அறியவே அவர்களுடைய மனப்பாங்கை அளக்கும் முயற்சி தொடங்கிற்று.

கண்ணால் காணவியலாத மனப்பாங்கை அளக்கக் கூடுமா என்ற ஐயம் பழையது. கூடும் என்று 1928 இல் லூயி தர்ஸ்டன் வாதிட்டார். 1932 இல் ரென்சிஸ் லைக்கர்ட் அதற்கு எளிய முறையொன்றை வகுத்தார். ஒரு பொருளைப் பற்றி ஏற்றும் மறுத்தும் பல கூற்றுகளை எழுதுவர். ஒவ்வொன்றையும் முற்றிலும் ஏற்பதுமுதல் முற்றிலும் மறுப்பதுவரை ஐந்து படிகளில் எங்கே நிற்கிறோம் என்று விடையளிப்போர் குறிப்பர். மறுப்புக் கூற்றுகளின் மதிப்பைத் தலைகீழாகக் கணக்கிட்டுக் கூட்டுவர். பின்னர், எந்தக் கூற்றுகளுக்கு மக்கள் ஒரே போக்கில் விடையளிக்கின்றனர் என்று ஆராய்ந்து, அவற்றைத் தொகுதிகளாகப் பிரிப்பர். ஒரே மனப்பாங்கு என்று தோன்றியதற்குள் இரண்டு மூன்று தனித்தனி எண்ணங்கள் ஒளிந்திருப்பது இவ்வாறு வெளிப்படும்.

அமண்டா ஜென்சன்-டாஸ், கிறிஸ்டின் ஹாலி ஆகிய இருவர் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் சிறாருக்கும் இளைஞருக்கும் பணிபுரியும் 1,442 உளநலப் பணியாளர் இத்தகைய கூற்றுகளுக்கு விடையளித்தனர். மூன்று தொகுதிகள் வெளிப்பட்டன. முதலாவது, வரையறுத்த படிவங்கள் பணியாளரின் சொந்தக் கணிப்பைவிட மிகுதியாக எதையேனும் தருகின்றனவா என்பது. இரண்டாவது, அவை நம்பத்தக்க தரமுடையனவா என்பது. மூன்றாவது, நாள்தோறும் நடக்கும் பணியில் அவற்றைக் கையாள இயலுமா என்பது. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கியபோது, படிவங்களை உண்மையில் யார் பயன்படுத்துகிறார் என்பதைத் தனித்துக் காட்டியது மூன்றாவதே. கொள்கையளவில் ஒப்புக்கொள்வதற்கும் கையில் எடுப்பதற்கும் இடையே நிற்பது பெரும்பாலும் நேரம், செலவு, எளிமை என்பவையே.

அந்த அளவுகோல் படிவங்களைப் பொதுவாகக் கருதியது. நோயறிவதற்கான படிவங்களும் அதில் அடங்கும். முன்னேற்றத்தைத் தொடர்ந்து கண்காணிப்பதையும் கண்டதைத் திரும்ப அறிவிப்பதையும் மட்டுமே குறித்த தனி அளவுகோலொன்று பின்னர் உருவாயிற்று. 504 பணியாளரிடம் அதனை வழங்கிய ஆய்வு 2018 இல் வெளியாயிற்று. இதில் இரண்டு தொகுதிகள் தோன்றின: ஒன்று இம்முறையின் நன்மையைப் பற்றியது, மற்றொன்று இதனால் தீங்கு நேரும் என்ற அச்சத்தைப் பற்றியது. நன்மையுண்டு என்று நம்பும் ஒருவரே தீங்கையும் அஞ்சக்கூடும் என்பதால் இப்பிரிவு பொருளுடையது.

கண்ட முடிவு கருதத்தக்கது. பணியாளரின் மனப்பாங்கு பொதுவாகச் சாதகமாகவே இருந்தது. ஆயினும் வரையறுத்த படிவங்களால் மாதத்திற்கு ஒருமுறையேனும் முன்னேற்றத்தை அளந்தவர் நூற்றுக்கு 13.9 பேரே. ஒருபோதும் அவ்வாறு அளவாதவர் நூற்றுக்கு 61.5 பேர். நல்லதென்று அறிந்திருந்தும் செய்யாதிருக்கும் மனித இயல்பைப் பற்றி உரோமர் ஏழாம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல் எழுதியதை ஓதுகிற நமக்கு இது வியப்பளிக்கலாகாது.

மனப்பாங்கு இவ்வாறு செயலாகாமற்போவது சிறிய செய்தியன்று. நெதர்லாந்தில் கிம் டி யோங்கும் துணைவரும் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், வழி விலகிச் செல்கிறவர்களுக்கு இம்முறை பயனளித்தது, அறிவிக்கப்பட்ட எண்களைத் தாம் பயன்படுத்தியதாகக் கூறிய பணியாளரிடம் மட்டுமே. எண் எவரையும் நலமாக்குவதில்லை. அதனைக் கண்டு தன் வழியை மாற்றிக்கொள்ளும் பணியாளரே கருவியாகிறார். இதுவரை நடந்த ஆய்வுகள் அனைத்தையும் தொகுத்து நோக்கினாலும், இம்முறையின் பயன் சிறியதே என்று தெரிகிறது. சிறியதாயினும் அது மெய்யானது.

4. நம் மண்ணின் அனுபவம்

இவையெல்லாம் மேனாட்டு வழக்கம், நமக்கு ஒவ்வாதவை என்று தள்ளிவிட இயலாது. நெடுங்காலம் ஒழுங்காக அளந்து வருதலின் சிறந்த சான்றுகளுள் ஒன்று சென்னையிலேயே உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை, வேலூர், இலக்னோ ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயின் போக்கை ஆராயும் பணி 1980களின் தொடக்கத்தில் நடைபெற்றது. சென்னைப் பகுதியில், முதன்முறையாக அந்நோயுற்ற 90 பேர் 1981 முதல் தெரிந்துகொள்ளப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடரப்பட்டனர். மருத்துவர் சாரதா மேனன் 1984 இல் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர். தாராவும் துணைவரும் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களுள் 61 பேரைத் தேடிக் கண்டு ஆராய்ந்தனர். வீடு மாறியவரையும் ஊர் மாறியவரையும் தேடிச் சென்று நிலைமையைக் கேட்டறிந்த இப்பணி, மனச்சிதைவு என்றாலே மீளாத வீழ்ச்சி என்றிருந்த கருத்தை மறுக்க உதவிற்று. பத்தாண்டுகளின் முடிவில் பெரும்பாலோரின் நிலை அஞ்சியதைவிட நன்றாயிருந்தது. திரும்பி வந்தவர்களை மட்டும் கண்டிருந்தால் இவ்வுண்மை தெரிந்திராது.

அளவையின் மற்றொரு முகத்தையும் நம் நாட்டில் காணலாம். உளநோயால் வரும் ஊனத்தை மதிப்பிட இந்திய உளமருத்துவச் சங்கம் வகுத்த அளவுகோல் 2002 முதல் அரசின் சான்றிதழுக்குப் பயன்பட்டு வருகிறது. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்கிற்கும் 0 முதல் 4 வரை மதிப்பிட்டு, நோயின் காலத்திற்கும் மதிப்பெண் சேர்ப்பர். நூற்றுக்கு நாற்பது என்ற எல்லையை எட்டியவருக்கே சலுகைகள் கிட்டும். ஏழைக் குடும்பத்திற்கு இது பெருந்துணை. ஆயினும் இங்கே தேறினால் உதவி குறையும். உதவியோ தண்டனையோ ஓர் எண்ணோடு பிணைக்கப்படுமானால், அந்த எண்ணைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது என்பதை இதனால் அறிகிறோம். அளவையைக் குறித்துப் பணியாளர் கொள்ளும் ஐயம் காரணமற்றதன்று.

கோவாவில் நடந்த முயற்சியொன்று வேறொரு வழியைக் காட்டிற்று. கடும் மனச்சோர்வுற்ற 495 பேரை உட்படுத்திய அந்த ஆய்வின் முடிவு 2017 இல் வெளியாயிற்று. அங்கே ஆற்றுப்படுத்தியவர்கள் உளநலத் துறையில் முன்பயிற்சி பெறாத சாதாரண மக்கள், ஆய்வுக்கெனப் பயிற்றுவிக்கப்பட்டவர்கள். நாம் மேலே கூறிய ஒன்பது வினாப் படிவம் அப்பணியில் கையாளப்பட்டது. ஒருவர் நடத்திய உரையாடலின் ஒலிப்பதிவைச் சக பணியாளர் கேட்டு மதிப்பிடும் பழக்கமும் அக்குழுவினரிடையே வளர்க்கப்பட்டது. மேலிருந்து வரும் கண்காணிப்பாக இல்லாமல், தோழமைக்குள் ஒருவர்க்கொருவர் செய்யும் உதவியாக அளவை அங்கே அமைந்தது.

5. தயக்கங்களை எடைபோடுதல்

நம் நாட்டுப் பணியாளர் தெரிவிக்கும் தயக்கங்களைப் பரிவோடு நோக்க வேண்டும்.

முதலாவது, நேரம். இந்தியாவில் இலட்சம் பேருக்கு ஓர் உளமருத்துவர்கூட இல்லை. புறநோயாளர் வரிசை வாயில்வரை நிற்கையில், நாற்பத்தைந்து வினாக்களை நிரப்பச் சொல்வது கொடுமையாகும். மேற்கண்ட ஆய்வு காட்டியபடி, மனமாற்றத்தைப் போதிப்பதைவிடப் படிவத்தைச் சுருக்குவதே இங்கு பயன்தரும்.

இரண்டாவது, மொழி. நம் மக்கள் மனத்துயரை எண்களில் சொல்லிப் பழகியவரல்லர். "நெஞ்சை அடைக்கிறது", "தலை பாரமாயிருக்கிறது", "படுத்தால் உறக்கம் பிடிப்பதில்லை" என்று உடலின் வழியாகவே சொல்வர். ஆகவே மொழிபெயர்ப்பால் மட்டும் ஒரு படிவம் தமிழாகிவிடாது. வந்தவர் தாமே சொன்ன சொல்லை எடுத்து, "சென்ற வாரம் நெஞ்சடைப்பு எத்தனை நாள் இருந்தது?" என்று கேட்பதும் அளவையே.

மூன்றாவது, உறவு குலையும் என்ற அச்சம். கேள்வித்தாளை நீட்டியதும் மனிதர் கோப்பாகிவிடுவார் என்பர். படிவத்தை வாங்கி ஒரு சொல்லும் பேசாமல் மூடி வைப்பவரிடத்தில் இது மெய்யே. "சென்ற முறையைவிட இம்முறை உறக்கம் குறைந்ததாக எழுதியிருக்கிறீர்களே, என்ன நடந்தது?" என்று அதிலிருந்தே உரையாடலைத் தொடங்குகிறவரிடத்தில், அது உறவின் வாயிலாகிறது.

நான்காவது, எவரும் எளிதில் வாய்விட்டுச் சொல்லாதது: "இந்த எண்கள் என்னையே நியாயந்தீர்க்கும்" என்ற அச்சம். எண்ணைக் கொண்டு ஊதியத்தையோ பதவியையோ உறுதிசெய்யும் நிறுவனத்தில் இவ்வச்சம் நியாயமானது. அவ்விடத்தில் பணியாளர் கடினமானவர்களைத் தவிர்த்து, எளிதில் தேறுகிறவர்களையே தெரிந்துகொள்ளும் சோதனைக்கு உள்ளாவர்.

6. எண்ணுதலைப் பற்றித் திருமறை

இங்கே இறையியல் வினா எழுகிறது. எண்ணுதல் அன்பின் செயலா, அடக்கியாளும் செயலா? திருமறை இரண்டு எண்ணுதல்களை நம்முன் வைக்கிறது.

இரண்டு சாமுவேல் 24 ஆம் அதிகாரத்தில் தாவீது மக்களை எண்ணக் கட்டளையிடுகிறார். யோவாப் தடுத்தும் அரசர் கேட்கவில்லை. ஒன்பது மாதமும் இருபது நாளும் நாடு முழுவதும் திரிந்து அவர்கள் கொண்டுவந்த கணக்கு, வாள் ஏந்தத்தக்க ஆடவரின் தொகை மட்டுமே. விதவையும் பிணியாளரும் அக்கணக்கில் இல்லை. கொள்ளைநோய் வந்து மக்கள் மடியக் கண்டபோதுதான் தாவீது அவர்களை ஆடுகள் என்று அழைத்து, அவர்களுக்காக மன்றாடுகிறார். வாள்களாக எண்ணியவர்களை ஆடுகளாகக் காண அவருக்கு ஓர் அழிவு வேண்டியிருந்தது.

லூக்கா 15 ஆம் அதிகாரத்தின் மேய்ப்பரும் எண்ணுகிறார். நூறு ஆடுகளில் ஒன்று குறைந்தது அவருக்கு எவ்வாறு தெரிந்தது? மாலையில் மந்தை பட்டிக்குள் நுழையும்போது அவர் எண்ணியிராவிட்டால், தொண்ணூற்றொன்பதும் நூறும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றியிருக்கும். நாம் அவருடைய தேடலையே போற்றிப் பிரசங்கிக்கிறோம். தேடலுக்கு முன் நிகழ்ந்த எண்ணுதலைக் கவனிப்பதில்லை. தாவீதின் கணக்கு மொத்தத்தில் முடிந்தது. மேய்ப்பரின் கணக்கோ காணாமற்போன ஒன்றில் முடிந்து, அவரைப் பாதையில் நடக்கச் செய்தது. எண் யாருக்காக, அதைக் கண்டபின் யார் எழுந்து செல்வது என்பதே இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது.

மாற்கு 8 ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதாவின் பார்வையற்றவரை நம் ஆண்டவர் குணமாக்கிய வரலாறு இன்னும் நெருக்கமான ஒளியைத் தருகிறது. அவர் கைகளை வைத்தபின், ஏதேனும் தெரிகிறதா என்று அந்த மனிதரையே வினவுகிறார். மனிதர்கள் மரங்களைப்போல் நடமாடித் தெரிகின்றனர் என்ற விடை வருகிறது. அது நிறைவான பார்வையன்று. அம்மனிதரும் அதை மறைக்கவில்லை. ஆண்டவர் மீண்டும் கைகளை வைக்கிறார், யாவும் தெளிவாகிறது. குணமாக்குகிறவர் இடையில் நின்று கேட்கிறார். குணமடைகிறவர் உள்ளபடி சொல்கிறார். கேட்டதற்கேற்பச் செயல் தொடர்கிறது. நாம் இக்கட்டுரையில் விளக்கிய முறை முழுவதும் இம்மூன்று அசைவுகளில் அடங்கும். ஆண்டவரே கேட்டறிந்தார் எனில், கேளாமலே அறிந்துவிட்டோம் என்று நாம் சொல்வது தகுமோ?

7. மேய்ப்புப்பணிக்கு உரியவை

மருத்துவமனைகளில் ஆயர்ப் பயிற்சி அளிக்கும் மரபைத் தொடங்கியவர்களுள் ஆன்டன் பாய்சன் முதன்மையானவர். தாமே உளநோயுற்று மீண்ட அவர், 1925 இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவரைப் பயிற்றுவிக்கலானார். அவருக்குத் துணைநின்ற மருத்துவர் ரிச்சர்ட் கேபட், 1912 இல் மூவாயிரம் பிணக்கூறாய்வுகளை ஆராய்ந்து, மருத்துவர்களின் நோயறிதல் எந்தெந்த இடங்களில் தவறியது என்று வெளிப்படையாக எழுதியவர். உயிரோடிருந்தபோது நாம் கூறியது சரியா என்று சோதித்துப் பார்க்கும் அந்தத் துணிவு, ஆயர்ப் பயிற்சியின் தொட்டிலருகிலேயே இருந்தது. நம் இறையியல் கல்லூரிகளில் மாணவர் தம் சந்திப்புகளைச் சொல்லுக்குச் சொல் எழுதி ஆசிரியரிடம் ஆராய்வது இம்மரபின் தொடர்ச்சியே. ஆனால் அதில் நாம் ஆராய்வது ஆயர் என்ன சொன்னார் என்பதை. சந்திக்கப்பட்டவர் அதனால் தேறினாரா என்பதையன்று.

ஆகவே சில எளிய வழிகளைப் பரிந்துரைக்கிறோம். தொடர்ந்து ஆற்றுப்படுத்தும் ஒவ்வொருவரிடமும் நான்கு வினாக்களை மாதம் இருமுறையேனும் கேட்கலாம்: உறக்கம் எவ்வாறு, உணவு எவ்வாறு, அன்றாட வேலையைச் செய்ய முடிகிறதா, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்ததா? நான்காவது வினாவைக் கேட்கப் பலர் அஞ்சுகின்றனர். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். மாநிலங்களுள் இது இரண்டாவது பெருந்தொகை. இவர்களுள் எத்தனையோ பேரை யாரோ ஒருவர் நலம் விசாரித்திருப்பார். பரவாயில்லை என்ற விடையோடு திரும்பியிருப்பார். ஆம் என்ற விடை வந்தால், ஆயர் அந்தப் பாரத்தைத் தனியே சுமக்கலாகாது. குடும்பத்தாரோடும் உளமருத்துவரோடும் அவரை அன்றே இணைக்க வேண்டும். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணியாற்றும் சிநேகா போன்ற அமைப்புகளின் துணையையும் நாடலாம்.

விடைகளைச் சுருக்கமாகக் குறித்து வைக்க வேண்டும். அவ்வேடு பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். பெயருக்கு மாறாக ஓர் அடையாளம் போதும். சபை மூப்பருக்கோ, ஆண்டறிக்கைக்கோ அது உரியதன்று. உளநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தம் மருத்துவப் பதிவுகளைக் காணும் உரிமையை நோயுற்றோருக்கு வழங்குகிறது. ஆயரின் ஏட்டைச் சட்டம் கருதாவிடினும், நாம் எழுதியதை அவருக்கே காட்டி, "இரண்டு மாதங்களில் இவ்வாறு மாறியிருக்கிறது, உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா?" என்று கேட்பது மரியாதைக்குரிய செயல். மூன்று நான்கு சந்திப்புகளில் மாற்றமில்லையெனில், நாம் செய்வதை மாற்றவோ, தகுந்தவரிடம் அனுப்பவோ வேண்டும்.

மாணவர் தம் மனப்பாங்கையும் சோதிக்கலாம். பின்வரும் கூற்றுகளை ஏற்கிறோமா, மறுக்கிறோமா என்று ஐந்து படிகளில் குறித்துத் தம் குழுவில் உரையாடட்டும்.

அ. என் பராமரிப்பில் இருப்பவர் தாழ்ந்துகொண்டு போனால் எவரும் சொல்லாமலே அறிந்துகொள்வேன்.

ஆ. நிலைமையைக் குறித்து வைப்பது தூய ஆவியானவரின் செயலை நம்பாமைக்கு அடையாளம்.

இ. என் பணியால் ஒருவர் தேறவில்லை என்று அறிவதைவிட அறியாதிருப்பதே எனக்கு ஆறுதல்.

ஈ. இவ்வாறு கேட்க எனக்கு நேரமில்லை.

இறுதியாக ஒரு வினாவை மட்டும் கூற்றாக அல்லாமல் எண்ணாகவே எழுதட்டும்: சென்ற மாதம் எத்தனை பேரிடம் இவ்வாறு கேட்டேன்? முந்திய நான்கிற்கும் அளித்த விடைகளை இந்த ஐந்தாவதோடு ஒப்பிடும்போது, ஆய்வாளர் ஆயிரம் பேரிடம் கண்ட இடைவெளியை நாம் நம்மிடமே காண்போம்.

தம் மக்களின் காயத்தை மேலோட்டமாகக் குணமாக்கி, அமைதியில்லாதபோதே அமைதி நிலவுவதாக அறிவித்த தலைவரை எரேமியா கடிந்துரைத்தார். அவர்கள் தீயவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. கட்டை அவிழ்த்து உள்ளே பார்க்க அவர்கள் மனங்கொள்ளவில்லை. முன்னேற்றத்தை அளந்தறிதல் என்பது கட்டை அவிழ்த்துப் பார்க்கும் பணி. அது நமக்குப் பெருமை தரும் செய்தியைக் கொடுக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால் கர்த்தர் நடத்துகிறார் என்று சொல்லி விடையனுப்பும் அந்த அம்மையார் இரண்டு வாரமாக உறங்கவில்லை என்பதை அது நமக்குச் சொல்லும். அதை அறிந்தபின் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதில் ஐயமிராது.